மூன்றாவது தடவை

காக்ஸ் டவுனில் எங்கள் மாடி வீட்டுக்குக் கென்யாவிலிருந்து ஓர் ஊழியக் குடும்பம் குடிவந்தது. பாஸ்டர், அவர் மனைவி, ஆறு வயது மகள். ஊர்ப் பழக்கங்களைச் சொல்லிக்கொடுக்கும் வேலையைச் சபையார் என்னிடம் கொடுத்தார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை போலும்.

"யார் வீட்ல சாப்பிடக் கூப்பிட்டாலும் உடனே உட்காரக் கூடாது. ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லணும். மூணாவது தடவை கேட்டா சாப்பிடலாம். அதுதான் மரியாதை" என்று ஆங்கிலத்தில் பெரிதாக விளக்கினேன். பாஸ்டர் எழுதிக்கொண்டார்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூவரையும் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மட்டன் பிரியாணி தயார். சாப்பிடலாமா என்றேன். வேண்டாம் என்றார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டேன். வேண்டாமாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உபவாசமா? காரத்துக்குப் பயமா?

"வயித்துக்கு ஒத்துக்காதோ என்னமோ, வற்புறுத்தாதீங்க" என்று மனைவி காதைக் கடித்தாள்.

பாஸ்டர் என்னையே பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கடைசியில் ஜெபம் செய்துவிட்டு எழுந்துகொண்டார்கள்.

மாடிப்படியில் அந்தச் சிறுமி கேட்டது எனக்குக் கேட்டது. "அப்பா, அங்கிளுக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதா?"

ஓடிப்போய் மூன்றாவது தடவை சாப்பிடக் கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள் அவள் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தாள்.

அடுத்தவர் வீடுகளில் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லியே வளர்ந்தவன் நான். என் வீட்டில் அன்றுவரை யாரையும் மூன்றாவது தடவை கேட்டதே இல்லை என்பது, அவள் தட்டில் பிரியாணி வைக்கும்போதுதான் உறைத்தது. இதுவரை எத்தனை பேர் பசியோடு திரும்பிப் போனார்களோ.