மண் எரியும் என்று யார் கண்டது?

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் எங்களுக்கு ஒரு சின்ன வாடகைத் தோட்டம் இருக்கிறது. வருடாவருடம் மிளகாய்க் கன்று வைக்கிற அன்று ஊதுபத்தி கொளுத்தி, கையில் அகப்படுகிற பூச்சாடியில் குத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலை தொடங்குவேன். இந்த முறை குத்தியது, மரக் கொட்டிலின் சுவரோடு காய்ந்து கிடந்த பழைய சாடியில்.

மூன்று மணித்தியாலம் கழித்து வீட்டுக்கு வெளிக்கிட்டபோது, பக்கத்துத் தோட்டத்து ஹெல்கா வேலிக்கு அப்பால் நின்று கத்தினார். திரும்பினேன். ஊதுபத்தி எப்போதோ முடிந்திருந்தது. புகைந்துகொண்டிருந்தது சாடிக்குள் இருந்த மண்! பிளாஸ்டிக் சாடி உருகிச் சரிந்து, கொட்டில் பலகை கருகத் தொடங்கியிருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் காஸ் சிலிண்டர்.

"மண் எப்பிடியப்பா எரியும்?" என்று கேட்டபடியே என் கணவர் வாளி வாளியாக ஊற்றினார். மேலே அணைந்தாலும் அடியில் கனன்றது. நான் மண்வெட்டியால் கிளறிக் கிளறிக் கொடுத்த பிறகுதான் முழுதாக அணைந்தது.

ஹெல்கா, நான் கடையில் வாங்கிய பூச்சாடி மண் பையைத் தூக்கிக் காட்டினார். "இது மண் இல்லை, டோர்ஃப். சதுப்பு நிலத்தை வெட்டி எடுப்பது. அங்கே செடிகொடி மக்கிச் சேர ஆயிரக்கணக்கான வருடம் எடுக்கும். என் அம்மா இதை அடுப்பில் எரித்தவர்."

நல்ல கறுத்த மண் என்று பத்து வருடமாகப் பை பையாகச் சுமந்தவள் நான்தான்.

இப்போது டோர்ஃப் இல்லாத பைதான் வாங்குகிறேன். மிச்சத்துக்கு எங்கள் குப்பை உரம். ஊதுபத்திக்கு மணல் நிரப்பிய பித்தளைச் செம்பு. தோட்டத்துக்குப் புதிதாக வருகிற எங்கள் ஆட்களிடம், "பையில என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சனீங்களோ?" என்று கேட்பேன். சிரித்தால், நேரே கொட்டிலுக்குக் கூட்டிப்போவேன். கருகிய பலகையை மாற்றுவோம் என்று கணவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் விடவில்லை.