தறிச் சத்தத்தில் தம்பிக்கு ஒரு வேலை

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் சங்கரன்கோவிலில் மாவு மில் வைத்தேன், லாரி வாங்கினேன், கடனில்லாமல் மாடி வீடு கட்டினேன். எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம், என் தம்பிக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தது.

எண்பதுகளில் மதுரை டாக்டர் ஒருவர் தம்பிக்கு ஆட்டிசம் என்றார். அப்போதே அவனுக்கு முப்பதை நெருங்குகிற வயது. பெயர் சொன்னதற்கு பீஸ் வாங்கினார். அந்தப் பெயரோடு எங்கே போய் வேலை கேட்பது என்று சொல்லவில்லை. ஜவுளிக்கடையில் சேர்த்துவிட்டேன். சேலை எடுக்க வந்த அம்மாளிடம் "சாயம் போகும்" என்றான். போகத்தான் செய்யும். அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

பிறகு விசைத்தறி ஷெட்டுக்குக் கூட்டிப் போனேன். முதலாளி வாசலிலேயே கையை விரித்தார்.

"அண்ணாச்சி, ஒரு வார்த்த பேச மாட்டேங்கான். மூஞ்சியப் பாக்க மாட்டேங்கான். இவன வச்சு என்ன செய்ய?"

"ஏன்வே, ஒம்ம ஷெட்டுக்குள்ள எவன் பேசுதான்? பேசுனாத்தான் எவனுக்குக் கேக்கும்?"

உள்ளே எட்டிப் பார்த்தார். அந்த இரைச்சலில் எல்லோரும் கை ஜாடையில்தான் டீ கேட்டார்கள். எவனும் தறியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மிக்ஸிச் சத்தத்துக்கே காதைப் பொத்துகிற என் தம்பி, எங்கள் வாக்குவாதத்துக்கு நடுவே உள்ளே போய், தறியின் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு நின்றான்.

முதலாளி சிரித்துவிட்டார். "நாளைலருந்து வரச் சொல்லுங்க."

"அவன் இன்னைக்கே வந்துட்டான்வே."

நரைக்கும்வரை தம்பி அங்கேதான் தறி ஓட்டினான். முதலாளியோ போகிற கல்யாண வீட்டிலெல்லாம், தான்தான் அவனை ஆளாக்கியதாகச் சொல்கிறார். உழைத்தது தம்பி, ஒப்புக்கொள்கிறேன். சம்பளம் கொடுத்தது அவர், அதுவும் சரி. அந்தக் கேள்வியைக் கேட்டது யார்? அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.