ரயில் குடித்த தண்ணீர்

அந்தத் தொட்டித் தண்ணீரில் முதன்முதலாகக் குளித்த மனிதர் கமருஸ்ஸமான்தான். அதுவும் மய்யித்தாகக் கிடந்தபோது.

மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. முதலியார்பேட்டை முழுக்கக் கரண்டு இல்லை. மோட்டார் ஓடாததால் மாடித் தொட்டி காலி. குளிப்பாட்ட வந்த ஜமாஅத் ஆட்கள் தண்ணீருக்காக நின்றார்கள். மகன் ரிஹான் தோட்டத்துப் பக்கம் போய், தரைக்குக் கீழே கட்டியிருந்த மழைத்தண்ணீர்த் தொட்டியைக் காட்டினான். அதன் சாவி செத்தவரின் இடுப்பிலேயே, பச்சை பெல்ட்டின் பையில் இருந்தது. பெல்ட்டைக் கழற்றி, பூட்டைத் திறந்து, வாளி வாளியாக மொண்டு ஊற்றினார்கள்.

உள்ளறையில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஷாஜாதிக்கு அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்து, புருஷனை நினைத்துக் கலங்குகிறாள் என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் எத்தனை வாளி போகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த வீடு ஷாஜாதியின் அத்தா கட்டியது. ஒரே பெண் என்பதால், கல்யாணத்தின்போது வீட்டையும் பின்னால் இருந்த நீளத் தோட்டத்தையும் அவள் பேருக்கு எழுதிவைத்து, மருமகனை அங்கேயே குடிவைத்தார். பத்திரத்தைப் படித்துக் காட்டியபோது அவளுக்குப் பாதி புரியவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய பெண். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவும் வராது. ஆனால் கண் எதையும் விடாது. யார் எதை எங்கே வைத்தார்கள், யார் முகம் எப்போது மாறியது என்று கேட்டால் அவள்தான் சொல்ல வேண்டும். அவளை யாரும் கேட்டதில்லை.

அந்தத் தெருவில் எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. குளித்துவிட்டு வந்தால் தோல் வறண்டு அரிக்கும். ஷாஜாதிக்கு முழங்கால்வரை இருந்த கூந்தல் முப்பது வயதுக்குள் எலி வாலாகிவிட்டது.

கமருஸ்ஸமானுக்குப் பெரிய மார்க்கெட் பக்கத்துச் சந்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டிலிருந்து பழைய கடைசல் மிஷின் ஒன்று வாங்கினார். அதோடு நாலைந்து புத்தகங்களும் வந்தன. அத்தனையும் சின்ன நீராவி எஞ்சின்களின் படங்கள். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. படத்தைப் பார்த்தே பல வருஷம் உட்கார்ந்து ஒரு எஞ்சினைச் செய்துவிட்டார். பொம்மை இல்லை. கரி போட்டு, நெருப்பு மூட்டி, ஆவி கட்டினால் பத்து ஆளை இழுக்கும். தோட்டத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தண்டவாளம் போட்டார். அதற்காக மருதாணிச் செடி போனது, முருங்கை போனது, துணி காயப்போடும் கல் தூண் போனது.

பிறகு ஒரு நாள் தோட்டத்தில் பள்ளம் வெட்ட ஆள் வந்தது. மழைத்தண்ணீருக்குத் தொட்டி என்றார். ஷாஜாதி அந்த ஆட்களுக்கு ஆட்டுக்கறிக் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். ஐப்பசி மழையில் தொட்டி நிறைந்த மறுநாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, குடத்தோடு போனாள். மூடியில் பூட்டு தொங்கியது.

"ஒரு குடம் குடுங்க. தலைக்கு ஊத்திக்கிறேன்."

"இது பாய்லருக்கு. உப்புத் தண்ணி ஊத்துனா உள்ள பாறை மாதிரி புடிச்சிக்கும். எஞ்சின் தாங்காது."

"எனக்கு மட்டும் தாங்குமா?"

"நீ இங்கயே பொறந்தவதான?" என்றார் கமருஸ்ஸமான். "உனக்குப் பழக்கம்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு எண்ணெய்த் தலையோடு உப்புத் தண்ணீரில் குளித்தாள். பிசுக்குப் போகவில்லை. அதன் பிறகு அவள் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் தோட்டம் திருவிழா. தெருப் பிள்ளைகளெல்லாம் காசு கொடுக்காமல் ஏறிச் சுற்றுவார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள், வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். ஊருக்கே அவர் ரயில் பாய் ஆனார். தங்கமான மனுஷன் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். ஷாஜாதி ஜன்னல் வழியாகத் தேநீர்த் தட்டை நீட்டுவாள். சாயங்காலம் அந்தத் தங்கமான மனுஷன் கழற்றிப் போடும் கரியும் எண்ணெயும் ஊறிய கைலியை, நுரைக்காத சோப்பைப் போட்டுத் தேய்ப்பாள்.

வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கூடை தூக்கி வரும் அஞ்சம்மாள் மட்டும் அதைப் பார்த்துவிட்டாள். மீனை அரிந்துகொண்டே, "இன்னா வூடுடி இது, ரயிலு பன்னீர்ல குளிக்குது, பொண்டாட்டி கடல்தண்ணியில குளிக்குறா" என்றாள். ஷாஜாதி சிரித்துவிட்டாள். பிறகு அஞ்சம்மாள் போனதும் அடுப்படியில் உட்கார்ந்து, சிரித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கமருஸ்ஸமான் செத்த பிறகு இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகக் கூடாது, வெளி ஆண்கள் உள்ளே வரக் கூடாது. அவருடைய சிநேகிதர், ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அருள்முருகன், எஞ்சினுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று வாசலில் வந்து நின்றார். இத்தா முடியட்டும் என்று சொல்லி அனுப்பினாள். அந்த ஒரு வார்த்தைக்கு எல்லோரும் அடங்கிப் போனது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பெல்ட்டை யாரும் கேட்கவில்லை. அது அவள் அலமாரியில் கிடந்தது.

ஒரு நாள் மத்தியானம் சாவியை எடுத்துப் போய்த் தொட்டியைத் திறந்தாள். இரண்டு குடம் மொண்டு குளியலறைக்குக் கொண்டுபோனாள். சோப்பு போட்டதும் நுரை பொங்கியது. எவ்வளவு ஊற்றினாலும் வழுவழுப்புப் போகவில்லை. சோப்பு இன்னும் போகவில்லை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில்தான் புரிந்தது. நல்ல தண்ணீரில் தோல் அப்படித்தான் இருக்கும். ஈரத்தோடு தரையில் உட்கார்ந்து செத்துப்போனவரை வாய்க்கு வந்தபடி ஏசினாள். இத்தாவில் இருக்கிறவள் ஏசக் கூடாதுதான். ஏசினாள்.

அன்றிலிருந்து தினமும் மொண்டாள். பருப்பு வேகவைத்தாள், துணி துவைத்தாள். அரிப்பு நின்றது.

ரிஹான் ஒரு ஓட்டலில் மேனேஜர். லாஸ்பேட்டையில் மூன்றாவது மாடி பிளாட்டில் இருந்தான். அம்மாவைப் பார்க்க வந்தால், ஸலாம் சொல்லிவிட்டு நேராகத் தோட்டத்துக்குப் போய் எஞ்சினைத் துடைப்பான். வைகாசியில் ஒரு நாள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்தான். தண்ணீர் எங்கே போனது என்று கேட்டான். குளித்தேன் என்றாள்.

அவன் பொறுமையாகத்தான் ஆரம்பித்தான். இத்தா முடிந்ததும் ஞாயிறுதோறும் ரயிலை ஓட்டப் போவதாகவும், டூரிஸ்ட்டுகளுக்குச் சீட்டு வைக்கப் போவதாகவும், அத்தாவின் பேர் நிற்க வேண்டும் என்றும் சொன்னான். ஓட்டலில் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது, போனில் ரயிலுக்கென்று ஒரு பக்கமும் திறந்தாகிவிட்டது. வருகிறவர்களுக்கு அம்மா கையால் தேநீரும் சமோசாவும் என்று அதில் போட்டிருந்தான். அவளைக் கேட்கவில்லை.

"எனக்கு அந்தத் தண்ணி வேணும் ரிஹான்."

"உனக்குத்தான் போர் இருக்கே."

"அது ஒத்துக்கல."

"இத்தினி வருஷம் ஒத்துக்கிச்சி இல்ல?"

குரல்கூட அப்படியே அவருடையது. மறுநாள் புதுப் பூட்டு ஒன்றை மாட்டிவிட்டு, சாவியைத் தன் பைக் சாவியோடு கோர்த்துக்கொண்டு போனான். ஷாஜாதி மறுபடி உப்புத் தண்ணீருக்குப் போனாள். ஒரே வாரத்தில் காலெல்லாம் அரிப்பு. முன்பு அது சும்மா அரிப்பு. இப்போது என்னவென்று தெரிந்த அரிப்பு.

இத்தா முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, தோட்டம் நிறைய ஆட்கள். வண்ணத் தோரணம், பாட்டு, ஓட்டலிலிருந்து வந்த குடும்பங்கள், குழந்தைகள். அருள்முருகன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். ஷாஜாதி அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் சமோசா பொரித்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷம்வரை அவள் சண்டை போடும் எண்ணத்தில் இல்லை. மாலை எல்லோரும் போன பிறகு, ஒரு நாளைக்கு இரண்டு குடமாவது விடு என்று மகனிடம் கெஞ்சிக் கேட்க நினைத்திருந்தாள்.

ரிஹான் தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, தண்ணீர் அடியில் கிடக்கிறது, இன்றைக்குப் பாதி நாள்கூட வராது என்றான். அம்மா குளித்தே தீர்த்துவிட்டாள் என்றும் சொன்னான். நாலு பேர் சிரித்தார்கள். அவன் தொட்டியை மறுபடி பூட்டினான்.

"அதுக்கின்னா," என்றார் அருள்முருகன். "கேன் தண்ணி வாங்கி ஊத்து. குடிக்கிற கேன் தண்ணி பாய்லருக்கு ஒண்ணும் பண்ணாது. பத்து வருஷம் முன்னாடியே பாய்கிட்ட சொன்னேன். தொட்டிதான் இருக்கே, எதுக்குன்னுட்டாரு."

ஷாஜாதியின் கையில் ஜல்லிக்கரண்டி அப்படியே நின்றது. எண்ணெயில் சமோசா கருகியது.

கேன் வந்தது. கடைக்காரப் பையன் தோளில் தூக்கி வந்து இறக்கினான். அவள் வீட்டிலும் அதே கேன்தான் போடுவான், குடிப்பதற்கு. எஞ்சின் அதைக் குடித்தது. நெருப்பு மூட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் ஆவி கட்டி, விசில் ஊதியது. குழந்தைகள் பெட்டிகளில் ஏறி உட்கார்ந்தார்கள்.

அவள் அடுப்பை அணைத்தாள். பட்டறை அறைக்குப் போய்ச் சுத்தியலை எடுத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஞாயிற்றுக்கிழமைத் தோட்டத்துக்குள் இறங்கினாள். வழிவிட்டவர்கள், ரயில் பாய் சம்சாரம் என்று கும்பிட்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தொட்டிமேல் குந்தி, பூட்டை அடித்தாள். நாலாவது அடியில் அது தெறித்தது. கட்டில் விரிப்பு, போர்வை, பாவாடை, செத்தவரின் கைலிகள் என்று வீட்டில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு வந்து, அந்தத் தண்ணீரை மொண்டு நனைத்து, பிழிந்து, தண்டவாளத்தின்மேல் வரிசையாக விரித்துப் போட ஆரம்பித்தாள்.

ரிஹான் ஓடி வந்தான். "இன்னாம்மா பண்ற?"

"துணி காயப் போடுறேன்."

"தண்டவாளத்துலயா?"

"காயப் போடுற தூணை உங்க அத்தா புடுங்கிட்டாரு."

யாரோ சிரித்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தி, எல்லோரும் பார்க்கிறார்கள், எடு என்றான்.

"காஞ்சதும் எடுக்குறேன்."

ஆனி வெயில். பேசிக்கொண்டிருக்கும்போதே விரிப்பின் ஓரம் காய்ந்துவிட்டது. அவள் வாளியைத் தூக்கிவந்து அதை மறுபடி நனைத்தாள். குழந்தைகள் பெட்டியிலிருந்து இறங்கத் தொடங்கினார்கள். அருள்முருகன், "தங்கச்சி, பாய் பேரு கெட்டுடும்" என்று ஏதோ சொல்ல வந்தார். அவள் பார்த்த பார்வையில் திரும்பிப் போய், எஞ்சினுக்கு அடியில் இருந்த நெருப்பைத் தட்டிக் கொட்டினார்.

ரிஹானுக்கு முகம் கறுத்துவிட்டது. "இந்த எஞ்சின்ல உனக்கு எட்டுல ஒரு பங்குதான். ஷரீஅத்து அதான். மிச்சம் ஏழும் என்னுது. ஓட்டக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு?"

"சரி. தண்டவாளம் கெடக்குற மண்ணு யாருது?"

அவன் விரிப்பை எடுக்கக் குனிந்தான்.

"எங்க அத்தா எனக்கு எழுதுனது. உங்க அத்தா இதுல ஒரு ஆணி அடிக்க என்னைக் கேக்கல. நீயும் கேக்கல. உன் ஏழு பங்கோட என் ஒரு பங்கையும் சேத்துத் தூக்கிக்கினு போயி, உன் மூணாவது மாடியில ஓட்டு."

"அத்தா உன்னை மன்னிக்க மாட்டாரு."

"நான் அவரை மன்னிச்சாத்தான?"

தோட்டத்தில் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதையும் யாரோ நிறுத்தினார்கள்.

அடுத்த வாரம் மினி லாரி வந்தது. எஞ்சினை ஆறு பேர் தூக்கினார்கள். வீட்டுக்குள் நுழைந்துதான் வெளியே போக வேண்டும். கூடத்தில் இறக்கி மூச்சு வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், அப்படியே போங்கள் என்றாள். அருள்முருகன் வீட்டுக் கொட்டகையில் அது இப்போது தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. வேறு எங்கும் வைக்க இடமில்லை. ரிஹான் போகும்போது ஸலாம் சொல்லவில்லை. பக்ரீதுக்குக் கறியை டிரைவரிடம் கொடுத்தனுப்பினான். அவள் வாங்கிக்கொண்டாள். போன் வரவில்லை, அவளும் போடவில்லை.

தெருவில் அவளுக்கு இருந்த பேரும் போய்விட்டது. பிள்ளைகளின் ரயிலை நிறுத்திய பாவி என்கிறார்கள். பள்ளிவாசல் தெருப் பெண்கள், புருஷன் செத்த ஈரம் காய்வதற்குள் ஆடிய ஆட்டத்தைப் பார் என்கிறார்கள். அஞ்சம்மாள் இதையெல்லாம் ஒன்று விடாமல் கொண்டுவந்து கொட்டுவாள். ஷாஜாதி மீனுக்குப் பேரம் பேசுவாள்.

ஐப்பசியில் தொட்டி நிறைந்தது. ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு, சின்ன மோட்டார் வைத்து, அதிலிருந்து குளியலறைக்குக் குழாய் இழுத்துக்கொண்டாள்.

போனில் அந்தப் பக்கத்தை ரிஹான் இன்னும் மூடவில்லை. அதைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது வந்து கதவைத் தட்டுகிறார்கள். போன வாரமும் ஒரு குடும்பம் வந்திருந்தது. ரயில் வீடு இதுதானே, தண்டவாளத்தையாவது பார்த்துவிட்டுப் போகிறோம் என்று ஒரு ஆண் குரல் கெஞ்சியது. பிறகு ஒரு பெண் குரல், அந்த மனுஷன் எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்தது, இவளுக்கெல்லாம் அருமை தெரியுமா என்று வேண்டுமென்றே உரக்கச் சொன்னது.

ஷாஜாதி அப்போது தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தட்டிவிட்டுப் போகட்டும் என்று இன்னொரு சொம்பு மொண்டாள்.