அடைப்புக்குறிக்குள் சிரிப்பு

சட்டப்பேரவையில் யார் என்ன பேசினாலும் எழுத்து பிசகாமல் எடுப்பது அவள் வேலை. அவைத்தலைவரின் இருக்கைக்குக் கீழே ஒரு சின்ன மேசை. அங்கே பத்து நிமிடம் சுருக்கெழுத்தில் எடுப்பாள். அடுத்தவர் வந்து உட்கார்ந்ததும் மாடிக்குப் போய்த் தட்டச்சு செய்வாள். பதினாறு வருடப் பழக்கம். மேசையைத் தட்டினால் ‘மேசை தட்டும் ஒலி’, கத்தினால் ‘குறுக்கீடு’, சிரித்தால் ‘சிரிப்பு’ என்று அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். அவள் மட்டும் எதற்கும் முகம் மாறக் கூடாது.

ஒரே மகள், எட்டு வயது. கட்டிலுக்கடியில், கதவிடுக்கில் எங்கும் நுழைந்துகொள்வதால் சுண்டெலி என்று பெயர். மூன்று வயதிலிருந்தே இழுப்பு. காலையும் மாலையும் இன்ஹேலர் எடுத்தால் ஆட்டம்போட்டு வீட்டை இரண்டாக்குவாள். விட்டால் மூச்சுக்கு மூச்சு விலா குழிந்துபோகும். அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தவரை மருந்துக்குப் பஞ்சமில்லை.

அந்த வருடம் அம்மாவுக்குச் சம்பளம் உயர்ந்தது. மூன்றாம் மாதம் கடிதம் வந்தது. குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டதாம், அட்டை ரத்தாம். தாண்டியது ஒரு ஜோடி செருப்பு விலைதான்.

அலுவலகக் கண்காணிப்பாளரிடம் போய் நின்றாள்.

“சார், அந்த உயர்வு எனக்கு வேண்டாம். திருப்பி எடுத்துக்கோங்க.”

“என்னம்மா சொல்றீங்க? சம்பளம் வேணும்னு கேக்க ஆயிரம் ஃபாரம் இருக்கு. வேண்டாம்னு சொல்ல ஒண்ணுகூட இல்லையே.”

பார்சல் வேன் ஓட்டும் கணவன் ஞாயிற்றுக்கிழமையும் வண்டி எடுத்தான். அப்படியும் மருந்து மாதக் கடைசிவரை வரவில்லை. இரண்டு வேளை ஒரு வேளையானது. வீட்டில் யாரும் எதுவும் சொல்லாமலே சுண்டெலிக்குப் புரிந்துவிட்டது.

“இன்னைக்கு எனக்கு மூச்சு நல்லா இருக்கும்மா. நாளைக்கு வச்சுக்கலாம்” என்று தானே மூடியை மாட்டி அலமாரியில் வைத்தாள்.

வருமான வரம்பை உயர்த்தும் மசோதா பேரவைக்கு வந்தது. விவாதம் மூன்று நாள்.

“ஏழைக்குக் கொடுக்கிறோம், சரி. மாதச் சம்பளக்காரனுக்கு எதற்கு?” என்றார் ஒருவர்.

“அப்பாவுக்குத்தானே சம்பளம்? குழந்தைக்கா சம்பளம் வருது?” என்றார் இன்னொருவர். மேசை தட்டும் ஒலி.

மூன்றாம் நாள், நகைச்சுவைக்குப் பேர்போன மூத்த உறுப்பினர் எழுந்தபோது அவள் முறை. “வீட்டுல ஏசி ஓடுது. பிள்ளைக்கு மருந்து மட்டும் அரசாங்கம் வாங்கித் தரணும். பேசாம ஏசிக்கும் சேர்த்தே காப்பீடு போட்டுடலாமே!”

அவையே குலுங்கியது. தூசிக்குப் பயந்து ஜன்னலைத் திறக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதால், அவள் வீட்டிலும் பழைய ஏசி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அடைப்புக்குறிக்குள் ‘சிரிப்பு’ என்று எழுதினாள். மசோதா ஓட்டெடுப்புக்கு வராமல் ஆய்வுக் குழுவுக்குப் போனது.

பதினோரு நாள் கழித்து, மத்தியானம். அவைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. பத்து நிமிடம் முடித்து அவள் வெளியே வந்தபோது, அலுவலக உதவியாளர் கையில் சீட்டோடு வாசலில் நின்றிருந்தார். பள்ளி மைதானத்தில் சுண்டெலிக்கு இழுப்பு வந்திருந்தது.

அவள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது கணவன் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தான்.

“இப்பதான்...” என்றான். “இப்பதான் போனா.”

செய்தி பெயரில்லாமல் பத்திரிகையில் வந்தது. ஊர் கொதித்தது. எதிர்த்துப் பேசியவர்களில் சிலர் ஒவ்வொருவராகக் குரலை மாற்றினார்கள். ஒரு மாத விடுப்பு முடிந்து அவள் வேலைக்கு வந்த வாரம், அந்த மூத்த உறுப்பினரின் உதவியாளன் மாடிக்கு வந்தான். அவள் யாரென்று அவனுக்குத் தெரியாது.

“அக்கா, ஐயா பேச்சுல அந்த ஏசி ஜோக்... அச்சுக்குப் போறதுக்குள்ள எடுத்துடுங்களேன்.”

“பேசினதைத்தான் எழுதியிருக்கேன்.”

“சரி, சிரிப்பையாவது எடுத்துடலாமே?”

“சிரிச்சாங்க தம்பி. நான் அங்கதான் உட்கார்ந்திருந்தேன்.”

அவன் கண்காணிப்பாளரிடம் போனான். விதி விதி என்று உயிரை எடுக்கும் அந்த மனிதர், கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த கூட்டத்தொடரில் மசோதா ஓட்டெடுப்புக்கு வந்தது. “உங்க முறையை நான் பாத்துக்கறேன், வீட்டுக்குப் போங்க” என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. அவள் போகவில்லை. “இனி ஒரு குழந்தையும் மூச்சுத் திணறக் கூடாது” என்று அதே மூத்த உறுப்பினர் தழுதழுத்தார். அதையும் எழுத்து பிசகாமல் எடுத்தாள்.

சாயங்காலம் கணவன் அவளுக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தான்.

“பாஸ் ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு. ஒன்பது ஓட்டு வித்தியாசம்.”

“எப்பலேருந்து?”

“ஒண்ணாந்தேதிலேருந்து.”

தலையாட்டிவிட்டு முகம் கழுவப் போனான். உள்ளே குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கதவைத் தட்டவில்லை.