வாலைப் பார்த்தால் வியாதி தெரியும்

அடுத்த வீட்டுக்காரருக்கு என்ன வியாதி என்று தெரிந்துகொள்வதில் உங்களுக்கு அப்படி என்ன ஆசை? வேலைவெட்டி இல்லையா? அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தீர்களா என்று போய்ப் பாருங்கள். போக மாட்டீர்களா? சரி, உட்காருங்கள். ஆனால் முடித்த பிறகு, “இவ்வளவு மோசமானவளா நீ?” என்று மட்டும் என்னைக் கேட்கக் கூடாது. அதை ஐம்பது வருஷமாக நானே என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தக் கத்திரி வெயிலில் எங்கள் வீடு முழுக்க அரிசிக் கஞ்சி வாசனை. அலமேலு அக்கா மதராஸில் நர்ஸ் படிப்பில் முதல் வருஷம் முடித்து லீவுக்கு வந்திருந்தாள். அவளுடைய வெள்ளை உடுப்புகளைக் கஞ்சியும் நீலமும் போட்டுக் கொடியில் காயவைத்தால், காற்றடித்தாலும் ஆடாமல், கோபித்துக்கொண்ட சம்பந்தி வீட்டார் மாதிரி விறைத்து நிற்கும். கோயிலின் பேய்க்கோபுரத்துக்குப் பின்னால், மலை குடித்த வெயிலையெல்லாம் ராத்திரி வரை சுவரில் கக்கிக்கொண்டிருக்கும் எங்கள் தெருவில், படிப்பதற்காக மதராஸ் பஸ் ஏறிய முதல் பெண் அவள்தான். அப்பா பஸ் கண்டக்டர். வண்டியில் ஏறுகிறவர்களிடம் டிக்கெட்டுக்கு முன்னால், “எம் பொண்ணு நர்ஸ் படிக்கிறா” என்பதைத்தான் கிழித்துக் கொடுப்பார் என்று அம்மா கேலி செய்வாள்.

லீவு முடிந்து போனவுடன் அக்காவுக்கு ஒரு பரீட்சை இருந்தது. வியாதிகளின் இங்கிலீஷ் பெயர்கள் எல்லாம் அதில் வரும். மலைப்பாம்பு மாதிரி நீளமான அந்தப் பெயர்களை அவள் முழுசாக மனப்பாடம் செய்யவில்லை, துண்டு போட்டுத்தான் படித்தாள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்துவைத்து, பின்பக்கம் மேலே இங்கிலீஷ் துண்டையும் கீழே அதற்குத் தமிழ் அர்த்தத்தையும் எழுதியிருந்தாள். கீழ்ப்பாதியை விரலால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகத் தூக்கிக் காட்டுவது பதினொரு வயதுப் பச்சையம்மாவாகிய என் உத்தியோகம்.

“மொதல்ல வாலைப் பாரு குட்டி” என்பாள் அக்கா. “வியாதிப் பேரெல்லாம் பல்லி மாதிரி. வாலை மட்டும் அறுத்துப் போட்டாலும், அது துடிச்சிக்கினே விஷயத்தைச் சொல்லிடும்.”

‘ஐட்டிஸ்’ என்று வால் இருந்தால் எங்கேயோ வீங்கிச் சிவந்திருக்கிறது. ‘ஆல்ஜியா’ என்றால் வலி. ‘எக்டமி’ என்றால் வெட்டி எடுத்தாகிவிட்டது. ‘ஓமா’ என்றால் கட்டி. வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து வந்தால் எந்த உறுப்பு என்பதைத் தலை சொல்லிவிடும். பத்தே நாளில் அக்காவுக்கு முன்னால் நான் ஒப்பிக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாட்டைத் தாண்டாத எனக்கு இது மட்டும் எப்படி ஏறியதோ தெரியாது. ஏறியதை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? பந்தியில் முந்துகிற பக்கத்து வீட்டுப் பையனுக்குச் ‘சோத்தைட்டிஸ்’, நாளெல்லாம் மருமகளைத் திட்டுகிற எதிர்வீட்டு அம்மாளுக்கு ‘வாயால்ஜியா’ என்று தெருவுக்கே வியாதி விநியோகம் செய்தேன். அம்மா பொய்க்கோபத்தோடு முதுகில் ஒன்று வைத்துவிட்டு, “வாயுள்ள புள்ள பொழைக்கும்” என்பாள்.

ஒரு தாளில் ‘கார்சினோ’ என்று எழுதி, கீழே ‘நண்டு’ என்று இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. “அந்தக் காலத்து டாக்டருங்க கண்ணுக்கு நண்டு காலைப் பரப்பிக்கினு குந்தியிருக்கிற மாதிரி தெரிஞ்சுதாம். புத்துநோய்டி அது. இதை வெச்சி வெளையாடாத” என்று தாளைப் பிடுங்கி அடியில் செருகினாள்.

தெருமுனையில் முனுசாமி மாமா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். உறவில்லை, தெருவுக்கே மாமா. சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு குட்டி சிவப்புச் சைக்கிள் அவரிடம் இருந்தது. பெண் பிள்ளைகளுக்குத் தர மாட்டார், விழுந்து பல் உடைந்தால் பிறகு கல்யாணம் கட்டிக்கொள்வது யார் என்பார். அந்த வருஷம் பொங்கலிலிருந்தே அவருக்குச் சாப்பிட்டது நெஞ்சில் நின்றது, ஆள் பாதியானார். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஏதேதோ பார்த்து, டைப் அடித்த காகிதம் ஒன்று கொடுத்தார்கள். அவர் மனைவி தனம் அத்தை அதை முந்தானையில் மறைத்து அக்காவிடம் கொண்டுவந்தாள். என்னை வெளியே துரத்தினார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் காது வைத்தால் துரத்தியது ஆகுமா?

“ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சிட்டாங்க அத்தை. வெட்டி எடுத்துட்டா பொழைச்சிக்குவாரு. திங்கக்கெழமை தவறாம இட்டுக்கினு போங்க” என்றாள் அக்கா.

“அவருக்குத் தெரிஞ்சா வர மாட்டாருடி. அல்சர்னுதான் சொல்லி வெச்சிகிறேன். நீ எங்கயும் வாய் தொறக்கக் கூடாது.”

அக்கா அத்தையின் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். வியாதிக்காரருக்கு மட்டும் வியாதியைச் சொல்லாமல் மற்ற எல்லோரும் தெரிந்துவைத்துக்கொண்டு அவரைச் சுற்றிச் சிரித்த முகமாக நடமாடுவதுதான் அப்போதெல்லாம் எங்கள் பக்கத்து வழக்கம், அதற்குப் பெயர் அன்பு.

சனிக்கிழமை மத்தியானம். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மாமா கடைக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

“ஏ பச்ச, இங்க வா. நீ அலமேலுகூட சேந்து வியாதி பாஷை படிக்கிறியாமே?”

“அக்காவைவிட எனக்குத்தான் ஜாஸ்தி தெரியும் மாமா.”

மடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். “எம் பொண்டாட்டி அரிசிப் பானைக்குள்ள இதை வெச்சிகிறா. அரிசிக்கு இன்னாத்துக்குக் காகிதம்? பெரியவங்க எல்லாம் எங்கிட்ட சிரிச்சிக்கினே பேசுறாங்க, அதான் பயமா கீது. நீ படி. ஒனக்குத்தான் இன்னும் பொய் சொல்லத் தெரியாது.”

இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியும். முதலில் வாலைத்தான் பார்த்தேன். “ஓமா. அப்படின்னா கட்டி” என்றேன், மார்க் போடச் சொல்லும் குரலில். பிறகு தலைக்கு வந்தேன். எழுத்து எழுத்தாகக் கூட்டும்போதே தெரிந்துவிட்டது. “நண்டு” என்றேன்.

“நண்டா? நான் அதைத் தின்னதே இல்லியேடி!” என்று மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சிரித்துக்கொண்டே ஓடிவந்திருக்கலாம். அக்கா தாளைப் பிடுங்கிய முகம் அப்போது என் கண்ணில் வந்தது, தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வழியில்லை.

“நண்டுன்னா இன்னா வியாதி, அதைச் சொல்லு” என்றபடி அவர் எழுந்து போய் அந்தச் சிவப்புச் சைக்கிளின் பூட்டைத் திறந்தார். “ரெண்டு மணி நேரம் ஓட்டிக்க.”

“புத்து, மாமா” என்றேன்.

அவர் காகிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்தார். “நல்லாப் படிக்கிற” என்றார். “போ, பாத்து ஓட்டு. தேரடிப் பக்கம் மாடு நிக்கும்.”

நான் ஓட்டினேன். இரண்டு தடவை விழுந்து எழுந்து, மாட வீதி முழுக்கச் சுற்றினேன். என் ஜென்மத்தில் அவ்வளவு சந்தோஷமான இரண்டு மணி நேரம் அதற்கு முன்னால் இருந்ததில்லை. எல்லாவற்றையும்விட இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகக் கூச்சமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் தனம் அத்தை பையோடு பஸ்ஸுக்குக் கிளம்பி நிற்க, மாமா கடையில் குந்தி ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். “நான் வர்ல. புத்துல கத்தி பட்டா ஒடம்பு பூராப் பரவிடும். எங்க பெரியப்பன் கத்தி பட்டுத்தான் மூணு மாசத்துல போனாரு.” யார் சொன்னது என்று எவ்வளவோ கேட்டார்கள். “எனக்கே தெரியும்” என்றதற்கு மேல் பேசவில்லை. அன்றைக்கும் சரி, பிறகும் சரி, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவள் தெருவில் ஒருத்தி என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. தனம் அத்தை எங்கள் வாசலுக்கு வந்து இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள். “கையில அடிச்சி சத்தியம் பண்ணியேடி! எந் தாலிய அறுத்துட்டியேடி!”

“நான் சொல்லல அத்தை. சத்தியமா நான் சொல்லல” என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். அடிகுழாயடியில் நின்றிருந்த பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். “இந்தக் குட்டி எந்நேரமும் அவகூடத்தான கீது. ஏய், நீ சொல்லு, யாரு சொன்னது?”

நான் அக்காதான் சொன்னாள் என்று சொல்லவில்லை. அவ்வளவு பச்சையாகப் பொய் சொல்ல நான் என்ன முட்டாளா? “சனிக்கிழமை மத்தியானம் அக்கா மாமா கடைல நின்னுக்கினு இருந்துச்சு” என்றேன். மிச்சத்தை அவர்களே கட்டிக்கொண்டார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. ஒரு பெரிய வார்த்தையை வாலிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறவளின் பார்வை அது, பாதியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால், “நீ உள்ள போ குட்டி” என்று மட்டும் சொன்னாள்.

“அந்தப் பொண்ணு சொல்லல” என்று மாமா ஆள் அனுப்பிச் சொன்னார். பெண்ணைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று தெரு அதையும் அவளுக்கு எதிராகவே எடுத்துக்கொண்டது. அன்று ராத்திரி டியூட்டி முடிந்து வந்த அப்பா பையைக்கூடக் கழற்றவில்லை. “ஒருத்தர் ரகசியத்தைக் காப்பாத்தத் தெரியாதவ, ஒருத்தர் உசுர எங்க காப்பாத்தப் போறா? படிச்சது போதும்” என்றார். அதோடு பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் அவர் மகளைப் பற்றிப் பேசுவதும் நின்றது.

லீவு முடிந்தது, அக்கா மதராஸ் போகவில்லை. வெள்ளை உடுப்புகளை வெட்டி அம்மா தலையணை உறை தைத்தாள். அதில்தான் நான் கல்யாணம் ஆகும்வரை தலைவைத்துப் படுத்தேன். கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாமா போய்ச் சேர்ந்தார். ஆபரேஷன் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. அந்த ‘யாருக்கும் தெரியாது’ என்ற வார்த்தைக்கு அடியில் பல வருஷம் ஒளிந்துகிடந்தேன். ஆனால் அக்கா விஷயத்தில் ஒளிய இடமில்லை.

அவளைக் கீழ்பென்னாத்தூரில் மணிலா, அதாவது வேர்க்கடலை, பயிர்வைக்கிற வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர், குறையில்லை. அந்த ஊரில் யாராவது மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினால், “எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க” என்பாள். அதை என் காதால் கேட்டேன். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவேன், போய் உட்கார்ந்ததும் வாயில் கேலிதான் வரும். “பச்ச வந்தாத்தான் இந்த வூட்ல சிரிப்பு” என்று சொல்லி, அவித்த மணிலாக் கொட்டையைப் பையில் கட்டிக்கொடுப்பாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது.

இப்போது அந்தச் சைக்கிள் கடை இருந்த இடத்தில் கிரிவலம் வருகிறவர்களுக்கு ரூம் விடுகிறார்கள். வாடகை சைக்கிள் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அடிகுழாய் இல்லை, அங்கே கூடுகிற கூட்டமும் இல்லை. ரத்தம் கொடுத்துவிட்டு வீடு வருவதற்குள் ரிப்போர்ட் போனுக்கு வந்துவிடுகிறது, எந்தச் சொல்லுக்கும் அர்த்தத்தை அதுவே சொல்லிவிடுகிறது. ஒளித்துவைக்கவும் முடியாது, படிக்கச் சொல்லி ஒரு பிள்ளையைக் கூப்பிடவும் தேவையில்லை.

போன மாதம் என் பேத்திக்கு நர்ஸிங் சீட் கிடைத்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், “பாட்டி, ஒங்க வம்சத்துல இவதான் மொத நர்ஸு” என்றார்கள். “இல்ல, ஒருத்தியை நான் முழுங்கிட்டேன்” என்றேன். “பாட்டி ஆரம்பிச்சிட்டாங்கப்பா” என்று எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கட்டும் என்று தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அடங்கிய பிறகு சொன்னேன்: “மொத ஆளு எங்கக்கா அலமேலு. ஒரு வருஷம் படிச்சா. அவ யாருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லலம்மா. அன்னிக்கு மத்தியானம் மாமா கடைல நின்னது நானு.”