வெள்ளித் தண்ணீர்ப் பெட்டி

றேடியோ திருத்துகிறவனிடம் றேடியோ மட்டும்தான் வரும் என்று நம்பி இந்தத் தொழிலில் இறங்கிய சகோதரர்களே, உங்கள் தலையெழுத்தும் என் தலையெழுத்தும் ஒன்றுதான். எழுபதுகளில் திருகோணமலைப் பட்டினத்தில் இருந்த என் கடைக்கு மின்விசிறி வந்தது, தையல் மெஷின் மோட்டர் வந்தது, கோயில் ஒலிபெருக்கி வந்தது. கடைசியில் வெள்ளியில் மருந்து செய்கிற வேலையும் வந்தது.

ஒரு பழைய ட்ரான்ஸ்போமர்

உப்புவெளியிலிருந்து ஓய்வுபெற்ற விஞ்ஞான மாஸ்டர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் பழைய வால்வு றேடியோவின் ட்ரான்ஸ்போமர். அவர் மனைவி மனோன்மணி அக்காவுக்குச் சலரோகம், சீனி வருத்தம். கால்விரலில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் காலையே எடுத்துவிடுவார்கள் என்று மாஸ்டருக்குப் பயம். தண்ணீரில் இரண்டு வெள்ளித் துண்டைத் தொங்கவிட்டு, கூடின வோல்ட்டில் கரண்ட் கொடுத்தால் புண் கழுவ அருமையான மருந்து கிடைக்கும் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள்.

ஆளைக் கொல்லும் வோல்ட் அது என்றேன். நான் செய்யாவிட்டால் வெறுங்கம்பியை வைத்துத் தானே செய்வாராம். வேறு வழியில்லாமல் பலகைப் பெட்டி அடித்து, மூடியைத் திறந்தால் கரண்ட் நிற்கும்படி சுவிச் வைத்துக் கொடுத்தேன். "மனிசிக்குக் கால் ஆறவேணும் தம்பி, எனக்குக் கரண்ட் அடிச்சாலும் பரவாயில்லை" என்றார்.

பால் போல வந்த மருந்து

அடுத்த கிழமை முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். கிணற்றுத் தண்ணீர் பத்து நிமிஷத்தில் பால் மாதிரி வெளுத்துவிட்டதாம். கடலோரக் கிணற்று உப்பும் வெள்ளியும் சேர்ந்து கட்டின வெண்மை அது, மருந்தே இல்லை. வீட்டுக்கே போய், பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணீர்தான் வேண்டும் என்று சொன்னேன். கதிரையில் காலை நீட்டியிருந்த அக்கா சொன்னார்: "தண்ணியில உப்பிருக்கோ எண்டு பாக்க வெள்ளிக் கரைசல் விடச்சொல்லி, முப்பது வருசமாப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சவர் இவர்தான்."

பச்சை நிறம்

வடித்த தண்ணீரிலும் விதி விடவில்லை. இந்த முறை பச்சையாக வந்தது. வெள்ளிக்கு எதைப் போட்டீர்கள் என்று கேட்டேன். புண் வந்ததால் அக்கா கழற்றி வைத்த காற்சங்கிலியையாம்! இருவருமாக அதை நகை செய்கிற பத்தரிடம் கொண்டுபோனோம். அவர் எங்களைப் பாவமாகப் பார்த்தார். "கலப்பில்லாத வெள்ளியில சங்கிலி செய்தா ரெண்டு நாளில நெளிஞ்சு போகும் மாஸ்டர், செம்பு போடாமல் ஆர் செய்வினம்?"

கட்டி வைத்த சுவிச்

பத்தரிடம் சுத்த வெள்ளி வாங்கியும் மாஸ்டருக்குப் பொறுமை வரவில்லை. மருந்து வருகிறதா என்று நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு காலை நான் போனபோது மூடி திறந்தே கிடந்தது. மூடி திறந்தாலும் கரண்ட் நிற்காதபடி என் சுவிச்சை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார். "தொடாதேங்கோ!" என்று நான் கத்துவதற்குள் கையை வைத்துவிட்டார். ஒரு அலறல். ஆள் சுவரோரம் விழுந்துகிடந்தார். பிளக்கைப் பிடுங்கினேன். உயிர் இருந்தது, விரல் நுனிகள் கருகியிருந்தன.

அலறல் கேட்டு அக்கா அறையிலிருந்து ஓடிவந்தார். வந்த வேகத்தில் காலில் சுற்றிய துணி அவிழ்ந்தது. அந்த விரல் கறுத்துப் போயிருந்தது. மாஸ்டர் அந்தக் காலைப் பார்த்துக் குழந்தை மாதிரி அழுதார். அக்கா அழவில்லை. "இவருக்குக் கை சுட்டுப்போச்சு, ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேணும். கூடப்போக என்னை விட்டா ஆர்? காரைப் பிடியுங்கோ தம்பி."

வார்ட்டில்

விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. கையில் கட்டோடு கட்டில் பக்கத்தில் நின்ற மாஸ்டர் தலை நிமிரவில்லை. அக்கா அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். "இனி எனக்கு வைத்தியம் பாக்கிறதெண்டா, முதல்ல என்னைக் கேளுங்கோ."

மூடி, சுவிச், சுத்த வெள்ளி, வடித்த தண்ணீர் என்று அவ்வளவு புத்தி சொன்ன நான், "அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்ற ஒரே ஒரு வசனத்தை மட்டும் சொல்லாமல் விட்டேன்.