அவசரம் என்று எழுதிய கடிதம்

மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்றே நினைத்து எட்டு மாதம் பேசாமல் இருந்தேன். மலேசியாவில், யோங் பெங் ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்று கூச்சம். நான் மெலிவதைப் பார்த்து மனைவிதான் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள்.

அங்கிருந்த இளம் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி, மேலே ‘அவசரம்’ என்று மலாய் மொழியில் குறித்தார். “தள்ளிப் போடாதீங்க அங்கிள்,” என்றார்.

பத்தாம் நாளே கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலில் புற்றுநோய். அந்த மாதமே அறுவை சிகிச்சை நடந்தது, பிறகு கீமோ. கடிதம் வேகமாகத்தான் போயிற்று; தாமதம் என்னுடையது.

இப்போது மற்ற வேன்காரர்களிடம் நானே இதைப் பேசுகிறேன். சிலர் சிரிப்பார்கள். போன வாரம் ஒருவர் தனியாக வந்து, “எந்தக் கிளினிக்குண்ணே?” என்று கேட்டார். மறுநாள் நானே கூட்டிப் போனேன்.